பழைய மதர்போர்டை வைத்துக்கொண்டே கேமிங் கணினியைப் புதுப்பித்தேன்

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி அது: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. பழைய விளையாட்டுகள் சீராக ஓடின; புதியவை திணறின. ப்ராசஸர் அமரும் இடமான சாக்கெட்டில் புதிய தலைமுறையான ஏஎம்5-க்கு மாறினால் மதர்போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் ஒன்றாக வாங்கியாக வேண்டும், ஏனென்றால் அது டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். குறையில்லாமல் ஓடும் போர்டைக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை. போர்டு இருக்கட்டும், மற்றவற்றை அதற்கு ஏற்பத் தேடலாம் என்று முடிவு செய்தேன்.

தடுப்பது எது என்று முதலில் பார்த்தேன். ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டும்போது ஒரு நொடியில் திரையில் தோன்றும் ஃபிரேம்கள் கூடினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. கூடாவிட்டால் பெரும்பாலும் ப்ராசஸர். கூட்டம் நிறைந்த நகரங்களில் நடக்கும் விளையாட்டுகளில் ப்ராசஸரும், காட்சி கனமான விளையாட்டுகளில் கார்டும் பின்தங்கின. ஆக இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது.

2017-இல் முதல் ரைசன்கள் அமர்ந்த, என் போர்டிலும் இருக்கும் அதே ஏஎம்4 சாக்கெட்டில், 2024-இல் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி-யும் அமரும். அதன் எல்3 கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 96 எம்பி; என் பழைய ப்ராசஸரில் 16 எம்பிதான். விளையாட்டுகளுக்கு இது பெரிய பலம் என்பதால் அதையே எடுத்தேன். ஆனால் சாக்கெட்டில் அமர்ந்துவிட்டாலே கணினி இயங்கிவிடாது. போர்டிலேயே பதிந்திருந்து கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயாஸுக்கும் அந்தப் ப்ராசஸர் தெரிந்திருக்க வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில், ஒவ்வொரு ப்ராசஸரும் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இயங்கும் என்று குறித்திருப்பார்கள். ஒரே பெயரில் வெவ்வேறு திருத்தப் பதிப்புகளாக வந்த போர்டுகளும் உண்டு. போர்டின் மீதே அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் பயாஸ் கோப்பை இறக்க வேண்டும். பழைய ப்ராசஸர் பூட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தேன். இந்த வரிசை மிக முக்கியம். ப்ராசஸரே இல்லாமல் யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் எல்லாப் போர்டுகளிலும் கிடையாது.

இந்தப் ப்ராசஸரின் பெட்டியில் கூலர் வராது. 2600-உடன் வந்த சிறிய கூலர் 65 வாட் ப்ராசஸருக்கானது. புதியதோ 105 வாட். கோபுர வடிவக் கூலர் ஒன்றை வாங்கினேன். அதன் உயரம், கேபினட்டின் பக்கவாட்டுத் தகடு அனுமதிக்கும் உயரத்துக்குள் இருக்கிறதா, அதன் மின்விசிறி ராமின் மேல் முட்டுமா என்ற இரண்டையும் விவரக்குறிப்பில் பார்த்துக்கொண்டேன்.

அதிக நேரம் எடுத்தது கிராபிக்ஸ் கார்டு. முதலில் கண்ணில் பட்டது ஆர்டிஎக்ஸ் 4060. 115 வாட் மட்டுமே எடுக்கும் அருமையான கார்டு. ஆனால் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் 4.0 தலைமுறையில், அது தரவு போகும் தடங்களில் 8-ஐ மட்டுமே பயன்படுத்துகிறது. என் பி450 போர்டோ 3.0 தலைமுறை. அதே 8 தடங்கள் அங்கே பாதி வேகத்தில்தான் தரவைக் கடத்தும். கார்டின் 8 ஜிபி நினைவகம் போதுமாக இருக்கும்வரை இழப்பு சிறிதே. நினைவகம் நிரம்பிக் கணினியின் ராமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கினால் அந்தக் குறுகிய பாதை ஆட்டத்தைத் தட்டித் தட்டி ஓட வைக்கும். பழைய போர்டில் புதிய கார்டு போடுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தட எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பேன். விற்பனைப் பெட்டியில் அது கொட்டை எழுத்தில் இருப்பதில்லை. 16 தடங்களும் 12 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி-யைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தத் தேர்வு அடுத்த மாற்றத்தையும் இழுத்து வந்தது. 230 வாட் எடுக்கும் அந்தக் கார்டுக்கு 650 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. என்னிடம் இருந்தது 450. புதிய பவர் சப்ளை வாங்கியபோது, கேபினட்டுக்குள் அழகாகக் கட்டி வைத்திருந்த பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிடும் ஆசை எழுந்தது. ஒருபோதும் செய்யக் கூடாதது அது. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளில் கார்டு, வட்டு போன்ற பாகங்களின் பக்க முனை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் ஒன்றுதான், ஆனால் பவர் சப்ளைப் பக்க முனைக்குப் பொதுவான விதி கிடையாது. முனை கச்சிதமாக உள்ளே போகும். கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் வட்டுகளை எரித்துவிடும். பழையவை அத்தனையையும் உருவி, புதிய பெட்டியில் வந்தவற்றையே மாட்டினேன்.

ராம் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு பழைய 8 ஜிபி பட்டைகளோடு வேறு இரண்டைக் கலக்காமல், இரட்டையாக விற்கும் 32 ஜிபி தொகுப்பாக வாங்கி, ப்ராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டேன். போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றும் சேர்த்தேன். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றைக் கேபிளில் இணைக்கும் சாட்டா இணைப்புகளில் குறிப்பிட்ட சில செயலிழக்கும் என்று போர்டின் கையேட்டில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை வேறு இணைப்புக்கு மாற்றிவிட்டேன்.

ப்ராசஸரை மாற்றுவதற்கு முன் வட்டுக் குறியாக்கத்தின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்தது நல்லதாயிற்று. ப்ராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புத் தகவல் புதிய ப்ராசஸரில் இருக்காது என்பதால், முதல் முறை இயக்கியதும் விண்டோஸ் அந்தச் சாவியைத்தான் கேட்டது. பயாஸ் புதுப்பிப்பு பெரும்பாலும் பழைய அமைப்புகளை அழித்துவிடும். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பான எக்ஸ்எம்பி-யை மறுபடி இயக்கும்வரை 3200 வேக ராம் 2400-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கார்டு 16 தடங்களிலும் 3.0 வேகத்திலும் இணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். விளையாட்டு ஓடும்போதே இதைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு தானாகவே இணைப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.