மூக்கு தெளிவு, கண் மங்கல்: ஒரு 50 மி.மீ. லென்ஸோடு மூன்று வாரம்

நேற்று பகலில் என் 50 மி.மீ. லென்ஸ் ஒருவழியாகக் குறிவைத்த இடத்திலேயே ஃபோகஸ் செய்தது. லென்ஸ் துளையை முழுதாகத் திறந்த எஃப் 1.8-இல், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக, 10 படத்தில் 8 படம். வீட்டில் காட்டினேன். "முன்னாடியும் இப்படித்தானே இருந்தது?" என்றார்கள். புரிந்தவர்கள் படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, பழையது, ஒருவர் பயன்படுத்தி விற்றது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில், கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் எதற்கு என்று கேட்காத நண்பர் இல்லை. வியூஃபைண்டரில் திரை இல்லாமல் வெளிச்சத்தையே நேராகப் பார்க்கும் சுகத்துக்காக என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் மிரர்லெஸுக்குத் தாவிவிட்டதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கைமாறுகின்றன என்பது அவ்வளவு கவித்துவமான காரணமாக இல்லையே. எந்த பிராண்டு என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அதுவரை ஷட்டர் இயங்கிய தடவைகள், 38,000 சொச்சம். இந்த வகை நடுத்தர பாடிகளுக்கு 1 லட்சம், 1.5 லட்சம் என்று தயாரிப்பாளர்களே சொல்வதால் அதில் கவலை இல்லை. (நிக்கானில் இந்த எண் படக் கோப்போடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் தகவலிலேயே கிடைத்துவிடும். கேனானில் பெரும்பாலும் கிடைக்காது, தனி மென்பொருள் தேட வேண்டும்.) வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்து சென்சார் தூசி பார்த்தேன், மூன்று புள்ளி. கைப்பிடி ரப்பர் உரியவில்லை, லென்ஸ் மாட்டும் மவுண்ட் ஆடவில்லை. விற்றவர், "ஃபோகஸ் பிரமாதமாக இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அவர் பாடியோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை எஃப் 5.6-க்கு மேலே, சிறு துளையிலேயே வைத்துக் காலம் தள்ளியவர். அந்த அபெர்ச்சரில் ஃபோகஸ் இரண்டு செ.மீ. தள்ளி விழுந்தாலும் டெப்த் ஆஃப் ஃபீல்ட், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம், அதை மூடி மறைத்துவிடும்.

நான் வந்த வேகத்தில் 50 எஃப் 1.8 மாட்டினேன். அக்கா மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். கேமராத் திரையில் அருமை. கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மூக்கு நுனியில் இருக்கும் பூனை முடி வரை எண்ணலாம், கண் இமை மட்டும் பஞ்சு. அன்றைக்கு எடுத்த 60 படங்களில் 50-க்கு மேல் இதே கதை.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். கை நடுக்கமோ? ஷட்டரை 1/500-க்கு ஏற்றினேன், மூக்கு இன்னும் தெளிவானது. நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிவிட்டு ஃபிரேமை நகர்த்தும் பழைய பழக்கமோ? கிட்டத்தில் எஃப் 1.8-இல் அது நிச்சயம் தப்பு செய்யும். கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பிவிடும். ஆனால் அந்தத் தப்பில் ஃபோகஸ் கண்ணுக்குப் பின்னால்தான் போக வேண்டும், எனக்கோ முன்னால் விழுகிறது. கண் மேலேயே புள்ளியை வைத்து, நகர்த்தாமல் எடுத்தும் பார்த்தேன். மூக்குதான்.

அப்புறம்தான் லைவ் வியூவில், அதாவது வியூஃபைண்டரை விட்டுப் பின்திரையைப் பார்த்து, எடுத்துப் பார்க்கத் தோன்றியது. இமை ஒவ்வொன்றும் கம்பி மாதிரி நின்றது. ஆக, லென்ஸிடம் தெளிவு இருக்கிறது, வியூஃபைண்டர் வழியில்தான் கோளாறு.

காரணம் தெரிந்ததுதான், ஆனாலும் நம் கேமராவுக்கு வரும்போதுதான் உறைக்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸைக் கணிப்பது படம் பிடிக்கும் சென்சார் கிடையாது. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். பின்னால் ஒளிந்திருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கீழே திருப்பிவிட, மிரர் பாக்ஸின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சார் பார்த்துச் சொல்லும். லென்ஸிலிருந்து பட சென்சாருக்கு உள்ள தூரமும், இந்தச் சுற்று வழித் தூரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தலைமுடி அளவு வித்தியாசம் போதும், மூக்குக்குப் போய்விடும். லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடுவதால் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது, அங்கே இந்தப் பஞ்சாயத்துக்கு இடமில்லை. மிரர்லெஸ்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள்.

நல்ல வேளை, என் பாடியின் மெனுவில் ஃபோகஸைத் திருத்தும் வசதி இருந்தது, -20 முதல் +20 வரை. இருக்கிறதா என்று பார்க்காமலேயே வாங்கியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பாடி தேடுபவர்கள் ஷட்டர் எண்ணிக்கையைவிட இதை முதலில் பாருங்கள். கேனான் 50டி-யில் இருந்தது, 2010-இல் வந்த 60டி-யில் எடுத்துவிட்டார்கள், 2013-இல் 70டி-யில் திரும்பக் கொடுத்தார்கள். நிக்கானில் டி7000, டி7100, டி7200 மூன்றிலும் உண்டு, டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. வசதி இல்லாத பாடியில் மிரர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்ன முனையை அறுகோணச் சாவியால் திருப்பிச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. ஒரு கடிகாரத்தைத் திறந்து மூடத் தெரியாமல் விட்டவன் நான்.

சரி, எத்தனை புள்ளி ஏற்றுவது? இந்த ஒரு கேள்விதான் மூன்று வாரத்தைத் தின்றது.

முதல் வாரம் முழுக்க வீண். கோடுகள் போட்ட ஒரு தாளை அச்சடித்து மேசையில் படுக்க வைத்து, 45 பாகை சாய்வில் நடுக்கோட்டைக் குறிவைத்து எடுத்தேன். ஒருமுறை +4 என்றது, அடுத்த முறை +17, ஒருமுறை மைனஸில் போனது. கேமராதான் பைத்தியம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்க விற்றவரின் எண்ணைத் தேடவும் ஆரம்பித்துவிட்டேன். பைத்தியம் தாளில் இருந்தது. வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட உண்மையான ஃபோகஸ் புள்ளியின் பரப்பு பெரியது. சாய்ந்த தாளில் நான் குறிவைத்த கோட்டோடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பக்கத்துக் கோடுகளும் அதற்குள் வந்துவிடும். அதில் எதைப் பிடிப்பது என்பது கேமராவின் இஷ்டம். நான் அந்த இஷ்டத்தை ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் தலைப்பை ஒட்டி, லென்ஸுக்கு நேர் எதிராக, கொஞ்சமும் சாயாமல் நிறுத்தினேன். குறி அதன் மேல் மட்டும். பக்கத்தில் 30 செ.மீ. ஸ்கேலை 45 பாகையில் சாய்த்து, அதன் 15-ஆவது கோடு அட்டையின் முகத்தோடு சமமாக வரும்படி வைத்தேன். தூரம் 1.25 மீட்டர், அதாவது குவியத் தூரத்தைப் போல் 25 மடங்கு. என் பாடியின் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) சென்சாரில், எஃப் 1.8-இல், அந்தத் தூரத்துக்கு டெப்த் ஆஃப் ஃபீல்ட் ஏறத்தாழ 4.5 செ.மீ. தப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிசு, தொலைந்துபோகாத அளவு தடிப்பு. ட்ரைபாட், 2 நொடி டைமர், ஜன்னல் வெளிச்சம்.

ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஃபோகஸைக் கையால் கலைக்க வேண்டும், இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கலைக்காமல் திரும்பத் திரும்ப அரை அழுத்து அழுத்தினால் லென்ஸ் அசையவே அசையாது, ஒரே தப்பை 10 முறை எடுத்துவிட்டு "எவ்வளவு சீராக இருக்கிறது" என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். நான் மகிழ்ந்தேன். பிறகு 5 படம் இன்ஃபினிட்டி, அதாவது வெகுதொலைவுப் பக்கமிருந்து, 5 படம் மிகக் கிட்டத்திலிருந்து என்று பிரித்துக்கொண்டேன். இரண்டு பக்கமிருந்து வரும்போது லென்ஸ் நிற்கும் இடம் சற்றே மாறுகிறது. ஒரே எண்ணில் 10 படம் எடுத்தால் 10-உம் ஒரே இடத்தில் விழுவதில்லை. +12-க்கும் +13-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்வது அர்த்தமற்றது என்று அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உடைத்துக்கொண்டேன்.

0-வில் ஸ்கேலில் 3 செ.மீ. முன்னால் விழுந்தது. ஸ்கேல் சாய்ந்திருப்பதால் நேர்த் தூரத்தில் 2 செ.மீ. சொச்சம்தான். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே அது போதும். +10-இல் பெரும்பாலும் சரி, +20-இல் பின்னால் ஓடியது. +13 என்று குறித்துக்கொண்டேன்.

மாலையில் அக்கா மகளை மறுபடி உட்கார வைத்தேன், இந்த முறை அறை விளக்கில். பாதிப் படங்களில் கண்ணைத் தாண்டிக் காது. அன்றிரவு நான் யாரோடும் பேசவில்லை.

மஞ்சள் வெளிச்சம்தான் அந்த வேலையைச் செய்தது. ஒளியின் நிறம் மாறினால் இந்த வகை ஃபோகஸ் கணிப்பும் கொஞ்சம் நகரும் என்று படித்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதே அட்டைப்பெட்டியை அறை விளக்கில் எடுத்தால் +8 போதும் என்றது. மெனுவில் ஒரு லென்ஸுக்கு ஒரு எண்தான் வைக்க முடியும், விளக்குக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று வைக்க இடமில்லை. நான் பெரும்பாலும் பகலில் எடுப்பவன், பகலுக்கே விட்டுவிட்டேன். இரவில் நிலையாக இருக்கும் எதையும் லைவ் வியூவில் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரம் சரிபார்க்க இன்னொரு வழி. எனக்கு ஸ்கேலைவிட இது பிடித்துவிட்டது, படமே எடுக்க வேண்டாம். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துத் துல்லியமாக ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸை மேனுவலுக்கு மாற்ற வேண்டும். பின் வியூஃபைண்டருக்கு வந்து, மெனுவில் எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி, அரை அழுத்தில் ஃபோகஸ் சரி என்று காட்டும் விளக்குப் புள்ளி எரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அது சிமிட்டாமல் நிலையாக எரிகிறதோ, அதன் நடுதான் நமக்கு வேண்டிய எண். சொல்ல ஐந்து வரி. செய்யும்போது +9-இல் என் சட்டைக் கை ஃபோகஸ் வளையத்தில் பட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை ட்ரைபாட் கால் நகர்ந்தது. மூன்றாம் முறை பேட்டரி. நான்காம் முறை +6-இலிருந்து +18 வரை நிலையாக எரிந்தது, நடு +12. ஸ்கேல் சொன்னது +13. சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒத்துப்போனதில் வந்த சந்தோஷம், உண்மையைச் சொன்னால், நல்ல படம் எடுத்தபோதுகூட வந்ததில்லை. +12 வைத்தேன். நேற்றைய 10-க்கு 8 அதில்தான். தவறிய இரண்டில் ஒன்று அக்கா மகள் தும்மியது.

நிக்கான் டி500 போன்ற பின்னாளைய பாடிகளில் இதையெல்லாம் கேமராவே லைவ் வியூவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. மூன்று வாரத்தை மூன்று நிமிடமாக்கும் அந்தப் பொத்தானைப் பற்றி எனக்குப் பொறாமை தவிர வேறு கருத்து இல்லை.

சென்சாரில் தூசி இன்னும் தீரவில்லை. காற்றூதும் பந்தால் இரண்டு போனது, புதிதாக ஒன்று வந்தது. ஈரத் துடைப்பான் வாங்கும்போது ஏபிஎஸ்-சி அளவா, ஃபுல் ஃபிரேம் அளவா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கியது மிரர் பாக்ஸுக்குள்ளேயே நுழையாத அகலத்தில் அலமாரியில் கிடக்கிறது. 35 எஃப் 1.8 ஒன்றின் மேல் கண் இருக்கிறது, அதற்குள் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கி இந்த 50-ஐயே மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோவாக்கிப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை. மேக்ரோவில் எப்படியும் கையால்தான் ஃபோகஸ் செய்யப் போகிறோம், +12-உம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அதற்கு முன் ஜூம் லென்ஸ் பாக்கி. 55-இல் வைத்துப் பார்த்தேன், +5 கேட்கிறது. 200-இல் -3 கேட்கிறது. சில கேனான் பாடிகளில் ஜூமின் இரண்டு முனைகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம், என்னுடையதில் அந்த வசதி கிடையாது. அட்டைப்பெட்டி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. எப்போது எடுப்பாய் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.