வைவாவில் என்னைக் கவிழ்த்த ஒரு 'ஆனால்'

போன வாரம் முடிவு வந்தது. இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். 'ஜெர்மன் சிந்தனையில் கவிதை, தத்துவம், அரசியல்' தாளுக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) பாக்கி இருப்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் முறை கவிழ்ந்தது ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினின் ஒரே வரியில். "நிலைத்து நிற்பதை நிறுவுகிறவர்கள் கவிஞர்கள்" என்று ஒப்பித்தேன். தத்துவவாதி ஹைடெக்கர் 1936இல் ரோமில் ஆற்றிய உரை வழியாகத்தான் அந்த வரி எனக்குத் தெரியும். "இதற்கு முந்தைய வரி என்ன?" என்றார்கள். தெரியவில்லை. அதற்கப்புறம் வாயே எழவில்லை.

அது 'நினைவு' என்ற கவிதையின் கடைசி வரி. 1802இல் பிரான்சின் போர்தோ நகரில் வீட்டு ஆசிரியராக இருந்தவர் ஹோல்டர்லின். கவிதையில் அந்த ஊர் வருகிறது, கரோன் ஆறு வருகிறது, கடலுக்குப் போன நண்பர்கள் வருகிறார்கள். கடல் நினைவைப் பறிக்கிறது, கொடுக்கவும் செய்கிறது. அன்பும் கண்களை நிலைக்குத்த வைக்கிறது. 'ஆனால்' என்ற சொல்லோடு கவிஞர்கள் வருவது அதற்குப் பிறகுதான். நான் ஒப்பித்ததில் அந்த 'ஆனால்' இல்லை. அதை விட்டால் வரி கோஷமாகிவிடும்.

அரசியல் இங்கேதான் இருக்கிறது. 1933இல் பல்கலைக்கழக ரெக்டராகி (தலைவராகி) நாஜிக் கட்சியில் சேர்ந்த ஹைடெக்கர், பதவியை விட்ட சில மாதங்களில் ஹோல்டர்லின் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார். அவர் கவிதையிலிருந்து வாசகங்களை உருவி எடுக்கிறார், வரிகள் அடுக்கப்பட்ட விதத்தைப் பார்ப்பதில்லை என்று 1963இல் தத்துவவாதி அடோர்னோ சாடினார். என் தவறும் அதேதான்.

இரண்டாம் முறை செய்தவை:

- ஆறே கவிதைகள். முழுசாக, வாய்விட்டு, பலமுறை.
- யார் எந்த ஆண்டில் வாசித்தார் என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறிப்பு.
- கவிஞர் ஷில்லர் அழகியல் கல்வி பற்றி எழுதிய 1795 கடிதங்களுக்குச் சுருக்கம் போதும்.
- ஜெர்மன் கருத்துமுதல்வாதத்தின் (ஹெகல், ஷெல்லிங் போன்ற தத்துவவாதிகளின் மரபு) 'மிகப் பழைய திட்டம்' என்ற சிறு கையெழுத்துப் பிரதி மட்டும் வரிவரியாக. 1796–97 வாக்கில் எழுதியது. கையெழுத்து ஹெகலுடையது, சிந்தனை அவருடையதா, ஷெல்லிங்குடையதா, ஹோல்டர்லினுடையதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது சொல்வது: அரசு ஓர் எந்திரம், அது ஒழிய வேண்டும். கவிதை மறுபடி மனிதகுலத்தின் ஆசிரியையாகும். தாளின் தலைப்பிலுள்ள மூன்றும் ஒரே இடத்தில்!

கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக நடந்துகொண்டே சொல்லிப் பார்த்ததுதான் நின்றது. இந்த முறையும் ஒரு வரியைச் சொல்லி விளக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மூன்று வரிகளிலிருந்து ஆரம்பித்தேன்.