எடைச் சீட்டில் ஒரு விழுக்காடு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை விற்கிறவர்களுக்கு ஓஇஆர் (OER, எண்ணெய் பிழிவு விகிதம்) புதுச் சொல் இல்லை. நூறு கிலோ குலையை ஆலையில் பிழிந்தால் எத்தனை கிலோ எண்ணெய் வருகிறதோ அதுதான் ஓஇஆர். குலை விலையையே 1 விழுக்காடு ஓஇஆருக்கு, டன்னுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்றுதான் சொல்வார்கள். பேச்சுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓஇஆர் 20 என்றால் டன்னுக்கு 800 வெள்ளி, மூன்று டன் லோடுக்கு 2,400.

எடைச் சீட்டில் ‘ஓஇஆர் 1% குறைவு’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,400இல் ஒரு விழுக்காடு 24 வெள்ளிதானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் 20 இறங்கி 19 ஆகியிருந்தால் கைக்கு வருவது 2,280. போனது 120 வெள்ளி! இறங்கியது ஒரு விழுக்காட்டுப் புள்ளி. வருமானத்தில் அடி 5 விழுக்காடு. ஒரே % குறி இரண்டுக்கும் நிற்பதால் வரும் வினை இது.

கைப்பேசிக் கால்குலேட்டரும் காலை வாரும். 20 − 1 % என்று தட்டினால் பெரும்பாலும் 19.8 என்று காட்டும். 20இல் ஒரு விழுக்காட்டைக் கழித்திருக்கிறது, அதன் மேல் தப்பில்லை. புள்ளியைக் கழிக்க வேண்டுமானால் % பொத்தானைத் தொடாதீர்கள். கழித்து வருவது புள்ளி. அந்த விடையைப் பழைய எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு.

சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6இலிருந்து 8 ஆனது. (சாப்பாடு, தொலைத்தொடர்பு, பார்க்கிங் போன்றவை 6இலேயே நின்றன.) ‘2 விழுக்காடு ஏற்றம்’ என்றார்கள் பலர். ஏறியது 2 புள்ளி. 300 வெள்ளி கார் சர்வீஸுக்கு வரி 18 வெள்ளி 24 ஆகிறது. வரி மட்டும் 33 விழுக்காடு கூடிவிட்டது. மொத்த பில்லோ 318இலிருந்து 324, அதாவது 2 விழுக்காடுகூட இல்லை. மூன்று கணக்கும் சரி. யார் எதைச் சொல்கிறார் என்பதைப் பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வழக்கமான கணக்கின் லாப ஈவு 2023க்கு 5.50, 2024க்கு 6.30. ஏற்றம் 0.80 புள்ளி. 10,000 வெள்ளிக்கு 550 கிடைத்த இடத்தில் 630, அதாவது 14.5 விழுக்காடு அதிகம்.

திரும்பவும் குலைக்கு வருவோம். 20 இறங்கி 19 ஆனால் நட்டம் 5 விழுக்காடு. அதே 19 ஏறி 20 ஆனால் லாபம் 5.26. அடிப்படை எண் மாறிவிட்டதே காரணம். அதனால் ரேம்ப்பில் (குலை வாங்கும் நிலையத்தில்) ‘எத்தனை விழுக்காடு குறைத்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ என்று கேட்டு, இரண்டு எண்ணையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழுக்காத குலை, நீளக் காம்பு, பொறுக்காமல் விட்ட உதிரிப் பழம் என்று காரணம் எதுவானாலும், லோரி கிளம்புவதற்கு முன்னால் பேசினால்தான் குலையைக் காட்டிப் பேச முடியும்.