சைகோன் மாரியம்மனுக்கு அம்மா சொல்லியனுப்பிய சேதி

2025-ல் தை அமாவாசை ஜனவரி 29, புதன்கிழமை வந்தது. வியட்நாமியர்களின் புத்தாண்டான டெட்டும் அன்றைக்கே. காலண்டரில் இதைப் பார்த்ததும், போவதென்றால் இந்த முறை போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். திருச்சியிலிருந்து நேரடி விமானம் விட ஆரம்பித்ததிலிருந்து தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். "அக்கா, ராத்திரி ஏறினா காலையில சைகோன்." எனக்குத்தான் மனசு துணியவில்லை.

இன்றைக்கு ஹோ சி மின் நகரம் என்கிற அந்த ஊரில்தான் நான் பிறந்தேன், 1960-ல். அப்பாவின் அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்க இலாகா வேலைக்குப் போனவர். புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. போலீஸ், சுங்கம், கணக்கு என்று எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடைகள் வைத்திருந்தார்கள். தாத்தா அங்கேயே தங்கிவிட, அப்பா பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். அம்மா மீ தோ ஊர்க்காரர், வியட்நாமியப் பெண். எங்கள் சந்தில் அப்பாவை எல்லோரும் 'ஆன் பாய்' என்பார்கள். ஏழாவது அண்ணன் என்று அர்த்தம். தெற்கு வியட்நாமில் இந்தியர் யாராக இருந்தாலும் ஏழாவது அண்ணன்தான்.

அந்த ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் எண் வைத்துத்தான். அதிலும் தெற்கில் தலைப்பிள்ளைக்கு ஒன்று என்ற எண் கிடையாது, இரண்டிலிருந்து தொடங்குவார்கள். அதனால் மூத்தவளான நான் 'ஹாய்', அதாவது இரண்டு. "ஹாய் ஓய்!" என்று அம்மா சந்து முனையில் நின்று கூப்பிடும் குரல் இப்போதும் எனக்குக் கேட்கும்.

வீட்டில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. அப்பாவுக்கு அமாவாசை விரதம். அம்மாவுக்குச் சந்திர மாதத்தின் முதல் நாளும், பதினைந்தாம் நாளான பௌர்ணமியும் சைவச் சாப்பாடு. அமாவாசையும் அம்மாவின் முதல் தேதியும் சேர்ந்தே வரும், தப்பினால் ஒரு நாள் முன்பின்னாக இருக்கும். அன்றைக்கு அடுப்படியில் நுவொக் மாம் என்னும் மீன் சாறு பாட்டிலை அம்மா மூடி, அலமாரிக்குள் தள்ளி வைத்துவிடுவார். சோயா சாறு வெளியே வரும். அந்த வாசனை மாறினாலே, இன்று கோயில் என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும்.

கோயில் என்றால் மாரியம்மன் கோயில். பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம், இன்றைக்கு அந்தத் தெருவுக்குப் பெயர் ட்ரூங் டின். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த தமிழர்கள் கட்டியது. நடுவில் மாரியம்மன், இரண்டு பக்கமும் காவலுக்கு மதுரைவீரனும் பேச்சியம்மனும். வாசலில் சிம்ம வாகனம். வியட்நாமியர்கள் இதை 'சுவா பா ஆன்' என்கிறார்கள். இந்திய அம்மன் கோயில் என்று பொருள். என் சின்ன வயதிலேயே அங்கு கும்பிட வருகிறவர்களில் வியட்நாமியர்களும் சீனர்களும்தான் அதிகம். கேட்டது நடக்கும் என்பதே அவர்கள் அந்த அம்மனைப் பற்றிச் சொல்வது.

அம்மா கல்யாணமான புதிதில் பேச்சியம்மனைக் காட்டி, இது யார் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். பிரசவத்துக்கும் பிள்ளைகளுக்கும் காவல் இருப்பவள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அப்படியானால் பா மூ!" என்றாராம் அம்மா. பா மூ என்பவர்கள் குழந்தையைக் கருவிலிருந்தே வளர்த்துக் கொடுக்கும் பன்னிரண்டு தாய்மார்கள். ஊரின் இன்னொரு பக்கம் 1909-ல் சீனர்கள் கட்டிய ஜேடு பேரரசர் கோயிலில் அவர்களுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா அந்தப் பன்னிரண்டு பேரிடமும் போய் வேண்டி, பேச்சியம்மனிடமும் வந்து வேண்டினார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான், இரண்டு இடத்துக்கும் நடப்பார்.

தமிழில் ஒரு பாட்டோ மந்திரமோ அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் 'விபூதி', 'போதும்', 'மாரியாத்தா' மாதிரி சில சொற்கள். சன்னதியில் மூன்று ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக் கும்பிட்டுவிட்டு, நேராகக் கருவறைக்குப் பின்பக்கம் போய்விடுவார். அங்கே இருக்கிறது அந்தக் கருங்கல் சுவர். வருகிறவர்கள் அதில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, நெற்றியை ஒட்டி, வாயைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகப் பேசுவார்கள். முன்பக்கம் நின்றால் அம்மனுக்குக் கூட்டத்தின் சத்தம் தொந்தரவு, பின்னால் போனால் காதுக்குப் பக்கத்தில் சொல்லலாம் என்பார் அம்மா. குழந்தையின் காதில் சொல்வதுபோலத்தான் பேசுவார். சில நாள் அரிசி விலை, சில நாள் தம்பியின் வாய்ப்பாடு, சில நாள் போர்.

அப்பா தேவாரம் சொல்லிக்கொண்டு முன்பக்கம் நிற்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் பிராகாரத்தில் நிற்பேன். அப்பா கும்பிட்டதும் பக்திதான். ஆனால் எனக்குக் கும்பிடக் கற்றுக்கொடுத்தது அம்மாதான். சாமியிடம் சொல்லிவிட்டு வா என்பாரே தவிர, சாமியிடம் கேள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

டெட் வந்தால் வீடே மாறிவிடும். முந்தின நாளே முன்னோர்களை வீட்டுக்கு அழைத்துவிட வேண்டும். அம்மா பலகையைத் துடைத்து, தட்டில் பழம் அடுக்குவார். சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம். இந்த நாலும் தெற்கத்தி வீடுகளில் கட்டாயம் உண்டு. சீத்தாவின் பெயரில் 'கௌ' இருக்கிறது, வேண்டுகிறேன் என்று அர்த்தம். தேங்காய் என்ற சொல்லும் 'அளவாக' என்ற சொல்லும் சைகோன்காரர் வாயில் ஒன்றுபோலவே இருக்கும், 'யூவா'. பப்பாளியில் 'டூ', போதுமான. மாம்பழத்தில் 'சாய்', செலவழிக்க. சேர்த்துச் சொன்னால், செலவுக்குப் போதுமான அளவு கொடு என்ற வேண்டுதல். அம்மா ஒவ்வொரு பழமாக வைக்கும்போது நாங்கள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். நிறையக் கொடு என்று அந்தத் தட்டில் எங்கும் இல்லை என்பதை நான் கவனித்தது பெரியவளான பிறகுதான்.

அதில் வாழைப்பழம் மட்டும் வரக்கூடாது. வாழைப்பழத்தின் பெயர், தலைகுப்புற விழுவதற்கான சொல்லைப்போல ஒலிக்கும். வடக்கு வியட்நாமில் வாழைச் சீப்பு வைப்பார்கள், தெற்கில் டெட் தட்டில் ஆகாது. அப்பாவுக்கோ தை அமாவாசைப் படையலில் வாழைப்பழம் இல்லாமல் முடியாது. முதல் வருடம் இதில் பெரிய பேச்சே நடந்ததாம். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். தட்டு மேலே பலகையில் இருக்கும், படையல் கீழே தரையில் இலை போட்டு இருக்கும், வாழைப்பழம் தரையில் இருந்தால் அது விழ இடமில்லை. அப்புறம் வருடா வருடம் அப்படியே. மேலே மீ தோ பாட்டன்மார், கீழே காரைக்கால் பாட்டன்மார். வாழையிலையில் சுற்றிய அம்மாவின் பான் தெட் அரிசி உருளை மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே வைப்பதில் பன்றி இறைச்சி இருக்காது, பாசிப்பருப்பு மட்டும்.

1968 டெட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நாள் முழுக்கத் தெருவில் சரவெடி. மறுநாள் விடிவதற்குள் கேட்டதும் வெடி என்றே நினைத்தோம். துப்பாக்கிச் சத்தம் என்று அப்பாதான் முதலில் புரிந்துகொண்டு விளக்கை அணைத்தார். அம்மா எங்கள் இருவரையும் அந்தப் பலகைக்குக் கீழே, இலை போட்டிருந்த இடத்தில் படுக்க வைத்து மேலே கவிழ்ந்துகொண்டார். சாம்பிராணி வாசனையும் அம்மாவின் மூச்சும் மட்டும் தெரிந்தது.

1975-ல் ஆட்சி மாறியது. 1976-ல் நாங்கள் கிளம்பினோம். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா அந்தச் சுவரிடம் வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது சொன்னார்: "போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

காரைக்காலில் அம்மா பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். முதல் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் ஜனங்கள் மாம்பழம் வீசினார்கள். சிவனடியாருக்குச் சோறு போட்டு, மாங்கனியும் கொடுத்த காரைக்கால் அம்மையாரின் கதையை அப்பா பக்கத்தில் நின்று வியட்நாம் மொழியில் சொன்னார். அம்மா கையில் ஒரு மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டு "சாய்" என்றார். செலவழிக்க. அன்றைக்குத்தான் அந்த ஊரில் அம்மா முதன்முதலாகச் சிரித்தார்.

பிற்பாடு சைகோன் கோயிலைப் பற்றிச் செய்தி வந்தது. அதன் ஒரு பகுதியில் ஊதுவத்தி செய்யும் பட்டறை நடக்கிறது என்றார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா, "சரி, அவளுக்கு வாசனை குறையாது" என்று சொல்லி அப்பாவைத் தட்டின் முன்னால் உட்கார வைத்தார். பிறகு கோயில் மறுபடி கோயிலானது. அம்மாவுக்குப் போக வாய்க்கவில்லை. கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடி என் கையைப் பிடித்து, "இன்னும் சொல்லவில்லை, ஹாய்" என்றார்.

ஊர் இறங்கியதும் எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. பென் தான் சந்தைக் கட்டடமும் அதன் மணிக்கூண்டும் மட்டும் அப்படியே நின்றன. சந்தைக்கு எதிரே தரைக்கடியில் இப்போது மெட்ரோ நிலையம், 2024 டிசம்பரில் ஓட ஆரம்பித்ததாம். சந்தையில் நாலு பழமும் வாங்கி அறையில் மேசைமேல் தட்டு வைத்தேன். மாலையில் நுயென் ஹுவே வீதியில் டெட்டுக்காகப் போட்டிருந்த பூ வரிசையைக் கடந்து, அதை ஒட்டிய தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணியையும் தரிசித்தேன். தைப்பூசத்துக்கு அப்பா தோளில் உட்கார்ந்து வந்த கோயில்.

புதன்கிழமை விடியற்காலை கிளம்பினேன். வியட்நாமில் பட்டாசுக்கு 1995-லிருந்து தடை. புத்தாண்டுத் தெரு அத்தனை அமைதியாக இருந்தது. கோயிலை நெருங்கினால்தான் கூட்டம். வாசலில் மல்லிகையும் அல்லியும் வைத்திருந்த பெண் என்னைப் பார்த்து, "கோ ஹாய் ஓய்!" என்று கூப்பிட்டாள். தெரியாத பெரியவர்களை மரியாதைக்கு மூத்தவர் ஸ்தானத்தில் வைத்து அப்படிக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அவளுக்கு எப்படித் தெரியும் என் எண் அதுதான் என்று! பூவை வாங்கிய கை நடுங்கியது. அவள் காசை எண்ணாமல் என் முகத்தையே பார்த்தாள்.

உள்ளே மாரியம்மன், நான் விட்டுவிட்டுப் போன அதே முகம். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள், ஆவ் ஸாய் உடுத்திய பெண்கள், யார் கையிலும் ஊதுவத்தி. மதுரைவீரன், பேச்சியம்மன் முன்னாலும் பூக்குவியல். அப்பாவுக்காகத் தேவாரம் ஒன்று சொன்னேன். பிறகு பின்பக்கம் போனேன்.

சுவருக்கு முன்னால் வரிசை இருந்தது. எனக்கு முன்னால் ஓர் இளம்பெண், வயிறு தெரியும் கர்ப்பிணி. அவள் நெற்றியை எடுத்த இடத்தில் கல் லேசாக ஈரமாக இருந்தது. கை படும் உயரத்தில் மட்டும் கல் வழுவழுவென்று எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது, அதற்கு மேலே சொரசொரப்பு. அம்மா குள்ளம். அம்மாவின் கை இருந்திருக்கும் உயரத்தைத் தேடி, கொஞ்சம் குனிந்து, அங்கே என் கைகளை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது.

தமிழில் என்ன சொல்வது என்று விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது அம்மாவின் மொழிதான் வந்தது. "மா தோய் ரோய், பா ஓய்." அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், தாயே. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பின்னால் நின்ற பாட்டி அவசரப்படுத்தவில்லை. என் முதுகில் கை வைத்தபடி காத்திருந்தார்.

பூத்தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் விபூதியோடு இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். அறைக்கு வந்து, தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பழத்தட்டு இருந்த மேசைக்கு நேர் கீழே அவற்றை வைத்தேன்.