பிரேயாவைக் கொன்றிருக்க வேண்டாம்

நோர்வேயின் ஒஸ்லோவில் இருக்கும் மச்சாள் 2022 கோடையில் பிரேயாவின் படங்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்த பெண் வால்ரஸ் (தந்தமுள்ள பெரிய கடல் விலங்கு) அது, ஏறத்தாழ 600 கிலோ. கட்டி வைத்த படகுகளில் ஏறி வெயில் காயும், தூங்கும். பாரம் தாங்காமல் சில படகுகள் மூழ்கியே போயின. ஆனாலும் சனத்துக்கு அதில் கொள்ளை ஆசை.

அந்த ஆசையே வினையாகிவிட்டது. எட்ட நில்லுங்கள் என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் படமெடுத்தார்கள். மனிதருக்கு ஆபத்து என்று ஓகஸ்ட் 14 அன்று அதிகாரிகள் அதைக் கொன்றார்கள். 2023இல் மக்கள் காசு சேர்த்து வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை சரி, உயிர்?

எனக்கு இன்னும் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் ஆமையோ கடற்பசுவோ கரையொதுங்கினால், தயவுசெய்து சுற்றி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். தள்ளி நின்று வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.