காதுக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவே

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்த புதிதில் இரைச்சலுக்குத்தான் பயந்தேன். ஹெட்செட்டில் கரகரப்பு, பழக்கமில்லாத உச்சரிப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழும் கீச்சொலி. ஆனால் கேட்காவிட்டால் 'சே அகெய்ன்' என்று மறுபடி கேட்டுக்கொள்ளலாம். தெளிவாகக் கேட்டதாக நம்பிவிடும்போது யாரும் மறுபடி கேட்பதில்லை.

ஒரு மாலை, நல்ல நெரிசல். என் அலைவரிசையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள். கால்சைனில், அதாவது ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் பெயரில், கடைசி எண்கள் ஒன்றுக்கு 452, இன்னொன்றுக்கு 425. 452-ஐ 7,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். உடனே ரீட்பேக் வந்தது, அதாவது நான் சொன்னதை விமானி திருப்பிச் சொன்னார். உயரம் சரி, குரலும் தெளிவு. அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன். பக்கத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தவர், "சார், 425 ஏன் இறங்குது?" என்றார்.

திரையில் 452 உயரம் மாறாமல் போய்க்கொண்டிருந்தது. 425 இறங்கிக்கொண்டிருந்தது, அதன் பாதையில் 8,000 அடியில் குறுக்கே இன்னொரு விமானம். 425-ஐ 9,000 அடியிலேயே நிறுத்தினேன். 1,000 அடி இடைவெளி குறையவில்லை. கை நடுக்கம் மட்டும் அடங்க வெகுநேரம் ஆனது.

அப்புறம் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த விமானி 'ஃபோர் டூ ஃபைவ்' என்று ஒவ்வொரு எண்ணையும் பிரித்தே சொல்லியிருந்தார். நான் 452-ஐ எதிர்பார்த்திருந்தேன். 452 என்றே என் காதில் விழுந்தது. இறங்க அனுமதி வராதா என்று காத்திருந்த அவருக்கும், நான் சொன்ன 452 அப்படித்தான் 425 என்று விழுந்திருக்க வேண்டும்.

1989 பிப்ரவரியில் கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஒரு சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ'. அந்த முதல் 'டூ'வை விமானிகள் எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஒலியுள்ள ஆங்கில 'to' என்று, 'நானூறுக்கு' என்பதில் வரும் 'கு' மாதிரி நினைத்து, 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று பதில் சொன்னார்கள். அந்தத் தவறான ரீட்பேக்கை யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தபோது, இதைக்கூடவா கவனிக்காமல் விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த மாலைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எங்கள் தொழிலில் 'ஓகே' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த அன்று, 'இப்போது டேக்காஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் ஒரு விமானி சொன்னதற்கு, கட்டுப்பாட்டாளரின் முதல் பதில் 'ஓகே'. புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. தொடர்ந்து அவர் 'காத்திருங்கள், கூப்பிடுகிறேன்' என்றபோது எதிரே வந்த விமானமும் பேச, இரண்டு குரலும் கீச்சொலியில் மூழ்கின. இன்று 'டேக்காஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துகிறோம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான்.

இப்போது உயரத்தை எழுதியதும் பேனாவை அங்கேயே வைத்திருப்பேன். ரீட்பேக்கில் முதலில் கால்சைனைச் சரிபார்ப்பேன், பிறகுதான் உயரத்தை. இரண்டும் பொருந்தினால்தான் டிக். ஒரே மாதிரிக் கால்சைன்கள் வந்தால் இரண்டு விமானிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்றைய சம்பவத்தை, ரீட்பேக்கைத் தவறவிட்டது நான்தான் என்று அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த கால அட்டவணையில் 425-க்கு வேறு எண் வந்திருந்தது.