பேட்ரிக் மூர் விட்டுப்போன 109

வானியலில் பட்டம் வாங்காதவர் பிரிட்டிஷ் வானியல் எழுத்தாளர் பேட்ரிக் மூர். 1957 ஏப்ரல் 24 அன்று பிபிசியில் ‘தி ஸ்கை அட் நைட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியபோது, அப்போது வானில் தெரிந்த அரெண்ட்–ரோலாண்ட் வால்மீனைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்பே நிலவின் விளிம்பைப் பல வருடம் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய கை. நிலவு லேசாக ஆடுவதால் அதன் பரப்பில் 59 சதவீதம் நமக்குத் தெரியும். பாதிக்கு மேல் கிடைக்கும் அந்த உபரிதான் மூரின் பேட்டை. 1959 அக்டோபரில் சோவியத் விண்கலம் லூனா 3 அனுப்பிய, நிலவின் மறுபக்கப் படம் ஒரே மங்கல். ஓரத்தில் இருந்த, இங்கிருந்தே தெரியும் கருந்திட்டான மேரே கிரிசியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும். அது அவருக்குக் கைவந்த வேலை.

2012-ல் இறக்கும்வரை மாதாமாதம் அதே நிகழ்ச்சி. 2004 ஜூலையில் மட்டும் வரவில்லை. கெட்டுப்போன வாத்து முட்டை!

புத்தகங்கள் ஏராளம். ஆனால் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அதிகம் பயன்படுவது 1995-ல் வந்த கால்டுவெல் பட்டியல்தான் என்பேன். 18-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே தன் பட்டியலில் விட்டுவிட்ட 109 நட்சத்திரக் கொத்துகள், நெபுலாக்கள், கேலக்ஸிகள். எண்ணுக்கு முன்னால் போடும் எம் என்ற எழுத்தை மெஸ்ஸியே எடுத்துக்கொண்டதால், மூர் தன் முழுப்பெயரான கால்டுவெல்-மூரின் முன்பாதியை வைத்து ‘சி’ போட்டார். வரிசை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். எண்ணைப் பார்த்தாலே நம் ஊரில் தேறுமா என்று சொல்லிவிடலாம். 103-க்கு மேல் சென்னையில் அடிவானத்திலிருந்து 8 டிகிரி உயரம்கூட வராது. 109 உதிக்கவே உதிக்காது.

நாம் முதலில் பார்க்க வேண்டியது சி80, ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. மெஸ்ஸியேவின் பாரிஸிலும் சரி, மூர் வாழ்ந்த இங்கிலாந்தின் செல்சியிலும் சரி, அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சென்னையிலோ 29 டிகிரி உயரம். மே நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே பார்த்து, சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் கீழே, கையை நீட்டி மூன்றரை முஷ்டி இறங்குங்கள். 10x50 பைனாகுலரில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை தெரியும். நட்சத்திரம் என்று நினைத்து ஃபோகஸைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பக்கத்து நட்சத்திரம் புள்ளியாகிவிட்டால் நிறுத்திவிடுங்கள், இது அதற்குமேல் கூராகாது. தனித்தனி நட்சத்திரமாகப் பிரிய 6 அங்குலத் தொலைநோக்கி வேண்டும். கடலோர ஈரப்பதம் அதையும் கெடுக்கும்.

இன்னொரு கொத்தான சி106 (47 டுகானே) கொஞ்சம் பிடிவாதக்காரன். மாலையில் தன் அதிகபட்ச உயரத்துக்கு வருவது நவம்பரில், அதாவது நல்ல மழைக்காலத்தில். ஆகஸ்ட் கடைசியில் அதிகாலை இரண்டு மணிக்குக் கன்னியாகுமரியில் நின்றால், கடலுக்கு மேலே சுமார் 10 டிகிரியில் கிடைக்கும்.